மன்றம் வந்த தென்றலுக்கு: காதல் பாட்டா, புகார்ப் பாட்டா?

‘மௌன ராகம்’ படத்தின் ‘மன்றம் வந்த தென்றலுக்கு’ பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இத்தனை நாள் இனிமையான காதல் பாட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தது, வரிகளை உற்றுக் கேட்டதும் புகார்ப் பாட்டாகத் தெரிகிறது. இதில் எது சரி, புகார்தான் என்றால் அது எப்படி இவ்வளவு இதமாக ஒலிக்கிறது என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் சரி என்று சொல்லி நழுவ எனக்கு மனமில்லை. புகாரில் தொடங்கி அழைப்பில் முடிகிற பாட்டு இது. தொடங்கும்போது பேசுகிற ஆள் வேறு, முடிக்கும்போது பேசுகிற ஆள் வேறு என்று சொல்லும் அளவுக்கு நடுவில் ஒரு மாற்றம் நடக்கிறது. சில நிமிடங்களுக்குள் அடங்கும் ஒரு சினிமாப் பாட்டில், அதுவும் மெட்டுக்கு எழுதிய பாட்டில், வாலி அதை எப்படிச் செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இசை இளையராஜா, குரல் எஸ்.பி.பாலசுப்ரமணியம். மூவரும் சேர்ந்து செய்த காரியம்தான். ஆனாலும் உங்கள் கேள்வி வரிகளைப் பற்றியது என்பதால் வாலியிடம்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில் பாட்டு யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். படம் 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்தது. மணிரத்னத்துக்கு ஐந்தாவது படம். முதலில் ‘திவ்யா’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். திவ்யா ரேவதி, அவளை மணக்கிற சந்திரகுமார் மோகன். பெண் பார்க்க வந்தவனிடமே தனக்கு விருப்பமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னவள் திவ்யா. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு வேறு வழியில்லாமல் கழுத்தை நீட்டுகிறாள். கல்யாணம் முடிந்து டெல்லி. என்ன பரிசு வேண்டும் என்று கணவன் ஆசையாகக் கேட்டால், விவாகரத்து வேண்டும் என்கிறாள். அவன் தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்வது போல இருக்கிறது என்று அவள் சொல்லும் இடம், படம் பார்த்த யாருக்கும் மறக்காது.

வக்கீலிடம் போகிறார்கள். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி, திருமணமாகி ஓராண்டு ஆவதற்கு முன் விவாகரத்து மனுவைப் பொதுவாக நீதிமன்றம் ஏற்காது. ஆக, பிரிவது என்று முடிவெடுத்த இரண்டு பேர் ஒரே கூரைக்குள் நாட்களைக் கடத்த வேண்டியிருக்கிறது. கதையின் முழு இடமும் இந்தக் காத்திருப்புதான். பாட்டு பேசுகிற வாழ்க்கையும் இதுதான்: ஊர் கண்ணுக்குப் புருஷன் பெண்டாட்டி, வீட்டுக்குள் இரண்டு விருந்தாளிகள்.

இன்னொரு விஷயமும் இங்கே சொல்ல வேண்டும். மணிரத்னம் இந்தக் கதையை முதலில் யோசித்தபோது, திவ்யாவின் பழைய காதலனாகக் கார்த்திக் செய்த மனோகர் பாத்திரம் அதில் இல்லை. பிடிக்காத ஒருவனோடு கல்யாணமான பெண், முதலிரவு, அதன் பிறகு என்ன என்பது மட்டும்தான் கதை. பழைய காதல் பின்னால் சேர்ந்தது. பாட்டை இப்போது கேட்டுப் பாருங்கள். அதில் மனோகர் இல்லை. பொறாமை இல்லை, ‘உன் மனதில் வேறு யார்’ என்ற விசாரணை இல்லை, மூன்றாவது ஆளின் நிழல்கூட விழவில்லை. அந்த முதல் கதையின் நேரடிப் பாட்டாகவே இது ஒலிக்கிறது. இந்த ஒரு காரணத்தாலேயே, படம் பார்க்காதவர்களுக்கும் பாட்டு தன்னந்தனியாக விளங்கிவிடுகிறது.

சரி, பல்லவிக்கு வருவோம். ‘மன்றம் வந்த தென்றலுக்கு மஞ்சம் வர நெஞ்சம் இல்லையோ’. ஒரு முழுக் கல்யாணத்தின் நிலைமையை ஏழே சொல்லில் வைத்துவிட்டார். வீடு வரை வந்துவிட்டாள், கட்டில் வரை வர மனமில்லை. இதை நேராகச் சொன்னால் பச்சையாக இருக்கும். ஒரு ஆண் தன் மனைவியைப் பார்த்துக் கேட்கக் கூசுகிற விஷயம். தென்றல் என்று வைத்ததும் அந்தக் கூச்சம் கரைந்துவிடுகிறது. தென்றலைப் பிடித்து இழுக்க முடியாது. அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மனைவியைக் கொடி, மான், கிளி என்று வைத்திருந்தால் கையில் பிடிக்கிற பொருளாகியிருப்பாள். தென்றல் என்று வைத்ததிலேயே இவன் யார் என்பதும் தெரிந்துவிடுகிறது.

அப்புறம் ஒலி. இந்த வரியைப் பாடும்போது அழுத்தம் நான்கு இடத்தில் விழுகிறது: மன்றம், தென்றல், மஞ்சம், நெஞ்சம். நான்கிலும் மெல்லினம் முன்னால் வந்து அடுத்த எழுத்தின் கூர்மையைத் தணிக்கிறது. ன்ற, ன்ற, ஞ்ச, ஞ்ச. வாய்விட்டுச் சொன்னாலே காற்று மூக்கு வழியாக மெதுவாகப் போகும். அடுத்த வரியில் அதே நான்கு இடத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள்: தொட்ட, சுட்ட, கட்ட, வட்ட. நான்கும் ‘ட்ட’. நாக்கு நான்கு தடவை மேலண்ணத்தில் மோதித் திரும்புகிறது. முதல் வரி தென்றலைப் பற்றியது, அது தென்றலாகவே போகிறது. இரண்டாம் வரி தொட்டதும் சுட்டதைப் பற்றியது, அது சுட்டுக்கொண்டவன் கையை உதறுவது போலவே வெடுக்கென்று போகிறது. சந்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், உள்ளே வைத்த எழுத்து மட்டும் மாறியிருக்கிறது.

எதுகை போடத் தெரிந்தவர்கள் நிறைய பேர் உண்டு. எதுகையைப் பொருளுக்கு வேலை செய்ய வைப்பது வேறு திறமை. மெட்டுக்கு எழுதும்போது கவிஞர் கையில் இருப்பது ‘தன்னன தன்னன’ என்ற தத்தகாரம் மட்டும்தான். எத்தனை அசை, எங்கே நீட்டல், எங்கே குறுக்கல் என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அந்தச் சட்டத்துக்குள் எந்தச் சொல்லையாவது பொருத்திவிட்டாலே வேலை முடிந்த மாதிரிதான். வாலி அதோடு நிறுத்தவில்லை. மெட்டு தந்த நான்கு அழுத்தங்களையும் முதல் தடவை மெத்தென்று நிரப்பி, இரண்டாம் தடவை கல்லாக நிரப்பினார்.

‘தொட்டவுடன் சுட்டதென்ன’ என்பது சும்மா ஓசைக்கு வந்ததும் அல்ல. அந்தக் கம்பளிப்பூச்சி வசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் சொன்னது அருவருப்பு. அவன் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் குத்திக்காட்டவில்லை. நிலவு சுடுமா என்று கேட்கிறான். குளிர்ந்திருக்க வேண்டிய நிலவு சுட்டதே என்கிற வியப்பாக அந்த அவமானத்தை மாற்றிக்கொள்கிறான். சுட்ட பிறகும் அவள் நிலவுதான். பிரிந்திருப்பவர்களை நிலவு சுடும் என்பது தமிழ்க் கவிதையில் பழைய சங்கதி. அங்கே துணை தொலைவில் இருப்பதால் வானத்து நிலவு சுடும். இங்கே துணை ஒரே வீட்டில் இருக்கிறாள், நிலவே அவள்தான். பக்கத்தில் இருப்பதால் சுடுகிறது. பழைய உவமையைக் கதையின் நிலைமைக்கு ஏற்றபடி இப்படித் திருப்பிப் போட்டது எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த இடம்.

ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ‘அன்பே என் அன்பே’, ‘கண்ணே என் கண்ணே’ என்று ஒரு சின்ன அழைப்பு வருகிறது. மெட்டில் நீளமான வரி மூச்சு முட்ட ஓடி வந்து, சட்டென்று குறுகிய வரியில் இளைப்பாறுகிற அமைப்பு அது. பொருளிலும் அதேதான் நடக்கிறது. நீளமான வரியில் மனக்குறை, குறுகிய வரியில் கொஞ்சல். குறை சொன்ன கையோடு அன்பே என்கிறான். நீங்கள் கேட்ட ‘ஏன் இவ்வளவு இதமாக ஒலிக்கிறது’ என்பதற்குப் பாதி பதில் இங்கேயே இருக்கிறது. புகார் தனியாக நிற்கவே விடாமல் ஒவ்வொரு தடவையும் அன்பு வந்து அதன் தோளில் கை வைத்துவிடுகிறது.

பல்லவியின் கடைசியில் பூபாளம் வருகிறது. பூபாளம் விடியற்காலை ராகம். பூபாளமே வேண்டாம் என்று சொல்கிற வானம் உண்டா என்று கேட்டு, ‘சொல்’ என்று முடிக்கிறான். விடியலை மறுக்கிற வானம் இருக்க முடியாது. ஆகவே கேள்விக்கு ஒரே பதில்தான். ஆனால் அந்தப் பதிலை அவன் சொல்லவில்லை, அவளைச் சொல்லச் சொல்கிறான். இல்லையோ, நிலவோ, உண்டோ. பல்லவி முழுவதும் ஓகாரத்தில் முடிகிற கேள்விகள். ‘இல்லையா’ என்று கேட்டால் அதட்டல் கலந்துவிடும். ‘இல்லையோ’ என்பதில் தயக்கம் இருக்கிறது, பாதி தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற தொனி இருக்கிறது. எஸ்.பி.பி. இந்த ஓகாரங்களை நீட்டி, குரலை மேலே தூக்காமல் தழைத்து விடுவதைக் கவனித்துக் கேளுங்கள். கேள்வி என்றால் குரல் உயரும் என்பதுதான் வழக்கம். இங்கே தாழ்கிறது.

முதல் சரணம்தான் நீங்கள் புகார் என்று சொன்ன இடம், அதை நான் மறுக்கவில்லை. தாமரை மேல் நீர்த்துளி போலத் தலைவனும் தலைவியும் வாழ்வது என்ன வாழ்க்கை என்று தொடங்குகிறது. தாமரை இலைத் தண்ணீர் நம் எல்லோருக்கும் தெரிந்த உவமைதான். ஆன்மிகத்தில் அது உயர்ந்த நிலை. பகவத் கீதையின் 5-ஆம் அத்தியாயத்தில், பற்றில்லாமல் செயல்படுகிறவனைத் தண்ணீர் ஒட்டாத தாமரை இலைக்கு ஒப்பிட்டுப் பாராட்டுகிறது ஒரு சுலோகம். வாலி ஸ்ரீரங்கத்துக்காரர், அந்த உவமை எங்கே எப்படிப் புழங்கியது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. அதை எடுத்து, ஒட்டாமல் இருப்பது துறவிக்குப் பெருமை, தம்பதிக்கு அது நரகம் என்று கட்டிலறைப் பக்கம் திருப்பிவிட்டார்.

தலைவன், தலைவி என்ற சொற்களும் அகப்பாட்டு மரபிலிருந்து வந்தவை. அந்த மரபில் இதற்கு நேர் எதிரான இன்னொரு தண்ணீர் இருக்கிறது. குறுந்தொகை 40-ஆம் பாட்டு. என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு என்று தொடங்கி, செம்மண்ணில் பெய்த மழை போல நம் நெஞ்சம் கலந்ததே என்று முடியும். அங்கும் முன்பின் அறியாத இரண்டு பேர்தான். தண்ணீர் மண்ணோடு கலந்து பிரிக்க முடியாத நிறமாகிவிட்டது. இங்கும் அப்படியே முன்பின் அறியாத இரண்டு பேர். தண்ணீர் இலை மேல் உருண்டுகொண்டே இருக்கிறது. வாலி அந்தப் பாட்டை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. தலைவன் தலைவி என்ற சொற்களைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீரையும் கொண்டுவந்தால், படித்த காதுக்கு அந்தச் செம்மண் ஞாபகம் வராமல் போகாது.

அடுத்து அந்த ‘மாலையும் மேளமும்’ வரி. நண்பர்களைப் போல வாழ்வதற்கு மாலையும் மேளமும் எதற்கு என்று கேட்கிறான். பாட்டிலேயே எனக்கு மனம் ஒப்பாத இடம் இது ஒன்றுதான். மாலையும் மேளமும் அவள் கேட்டு வந்தவை அல்ல. அப்பாவின் உடல்நிலையைக் காட்டி அவள் தலையில் ஏற்றப்பட்டவை. கல்யாணம் ஆகிவிட்டதே, இனி என்ன தயக்கம் என்பது ஊர் பேசுகிற பேச்சு. அந்தப் பேச்சை ஒரு நிமிடம் இவனும் பேசிவிடுகிறான். அதற்குப் பிறகு வரும் வரியும் அப்படித்தான். உறவும் பாசமும் இல்லாமல் உன் வாழ்க்கைதான் என்ன என்று அவளையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற தொனி. இந்தச் சரணத்தை மட்டும் தனியாக எடுத்தால் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அடக்கமான குரலில் வந்தாலும் இது வற்புறுத்தல்தான்.

ஆனால் இந்தச் சரணம் எழுதப்பட்டது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். சந்திரகுமார் தியாக உருவம் இல்லை. நல்லவன், அடிபட்ட நல்லவன். அடிபட்டவனுக்கு ஒரு நிமிடமாவது கோபம் வராவிட்டால் அவன் மனிதனாகவே தெரியமாட்டான். கோபத்தைச் சரணத்தில் வைத்து, ‘பூவே’ என்று கூப்பிட்டு, மறுபடி ‘சொல்’ என்று முடித்துவிட்டு, பல்லவிக்குத் திரும்பிவிடுகிறது பாட்டு. அந்தக் கோபத்துக்குப் பாட்டு இடம் கொடுக்கிறது, ஆனால் அதிலேயே உட்கார்ந்துவிடவில்லை. மாற்றம் வருவது இதற்குப் பிறகுதான்.

இரண்டாம் சரணத்தில் கேள்வி நின்றுவிடுகிறது. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அதுவரை இல்லையோ, நிலவோ, உண்டோ, என்ன, என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தவன் இப்போது ‘அல்ல’ என்கிறான். வாழ்க்கை மேடை அல்ல, நாடகம் முடிந்ததும் இறங்கிப் போய்விட. உறவு ஓடையும் அல்ல, வழி மாறி வேறு பக்கம் ஓடிவிட. மேடை, ஓடை என்று எதுகை. அல்ல, செல்ல என்று வரிக்கடைசியில் இயைபு. இவை கேள்விகள் அல்ல, அவன் நம்புகிற விஷயங்கள். அவளைக் கேட்டு முடித்தாயிற்று. இப்போது நான் எதை நம்புகிறேன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள் என்கிற இடம். முதல் சரணத்தில் அவள் செய்வது சரியில்லை என்று பேசியவன், இங்கே தன் பக்கத்தைத் திறந்து காட்டுகிறான். கதையில் இருவரும் தம்பதியாக நடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், மேடை, நாடகம் என்ற உவமை எவ்வளவு நறுக்கென்று விழுகிறது என்பது புரியும்.

பிறகு நிலா திரும்பி வருகிறது. பல்லவியில் சுட்ட அதே நிலாதான். இப்போது அது வெள்ளி நிறத்தில் வானத்தோடு உலாப் போகிறது. அதைக் காட்டிவிட்டு, ‘என்னோடு நீ வந்தால் என்ன’ என்கிறான். கடைசிச் சொல் ‘வா’. முதல் சரணம் ‘சொல்’ என்று முடிந்தது, இது ‘வா’ என்று முடிகிறது. சொல் என்பது விளக்கம் கேட்பது. வா என்பதற்கு விளக்கம் எதுவும் வேண்டாம். ஏன் வரவில்லை என்ற கணக்கையே மூடிவிட்டு, வந்தால் போதும் என்கிறது. சுட்ட நிலவு கூடவே நடக்கிற நிலவாவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது.

இன்னும் ஒரு நுணுக்கம். பாட்டு முழுவதிலும் ‘நீ’ என்ற சொல் ஒரே ஒரு தடவைதான் வருகிறது, அதுவும் இந்தக் கடைசி வரியில். பல்லவியில் தென்றல், நிலவு, வானம். முதல் சரணத்தில் தலைவன், தலைவி என்று யாரோ இரண்டு பேரைப் பற்றிச் சொல்வது போலப் பேச்சு. முடிவில் மட்டும் ‘உன் வாழ்க்கை’ என்று அவள் பக்கம் திரும்புகிறது. இரண்டாம் சரணத்தில் வாழ்க்கை, உறவு என்று பொதுவாகப் போய், கடைசியில்தான் ‘என்னோடு நீ’. முகத்தைப் பார்த்துப் பேச முடியாத ஒருவன், சுற்றிச் சுற்றிப் பேசி, கடைசியில் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி. வாலி இதைத் திட்டம் போட்டுச் செய்தாரா, கை தானாகப் போயிற்றா என்பது எனக்கு முக்கியமில்லை. பாத்திரத்தை அந்த அளவுக்கு உள்வாங்கிய கை அது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. 1958-லிருந்து எழுதிக்கொண்டிருந்தவர், எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் எழுதித் தீர்த்த பிறகு, முப்பது வயது இயக்குநரின் படத்தில், டெல்லியில் குடியிருக்கும் சம்பளக்காரன் ஒருவனின் குரலுக்கு இவ்வளவு அடக்கமாக இறங்கி எழுதினார்.

இந்தப் பாட்டைப் படத்தின் மற்றப் பாட்டுகளோடு சேர்த்துக் கேட்பதும் அவசியம். மொத்தம் ஐந்து, எல்லாமே வாலி. ‘ஓஹோ மேகம் வந்ததோ’ எஸ்.ஜானகி, கல்யாணத்துக்கு முந்தைய, மழையில் ஆடுகிற திவ்யா. ‘நிலாவே வா’ எஸ்.பி.பி. ‘மன்றம் வந்த’ எஸ்.பி.பி. ‘சின்னச் சின்ன வண்ணக்குயில்’ மறுபடி ஜானகி. இருவர் குரலும் சேர்வது ‘பனிவிழும் இரவு’ ஒன்றில் மட்டும். அவன் குரலுக்குத் தனியாக இரண்டு, அவள் குரலுக்குத் தனியாக இரண்டு என்று பங்கு பிரித்ததே கதை சொல்கிறது. இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

‘நிலாவே வா’வில் அவள் நிலா, அவன் வானம். நீ பிரிந்தாலும் நான் இருப்பேன் என்கிற வாக்கு அது. அங்கே கோபம் இல்லை. ‘மன்றம் வந்த’ பாட்டிலும் அதே நிலா, அதே வானம். ஒரே உவமையை இரண்டு மனநிலையில் எழுதியிருக்கிறார். ஒன்றில் அவன் தன்னை ஆறுதல்படுத்திக்கொள்கிறான், இன்னொன்றில் அவளிடம் வழக்காடுகிறான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் சந்திரகுமார் முழுசாகத் தெரிவான். ஒன்றை மட்டும் கேட்டால் அவன் ஒரேயடியாகச் சாது என்றோ, ஒரேயடியாகக் குறைப்படுகிறவன் என்றோ தோன்றிவிடும்.

அவன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் ‘சின்னச் சின்ன வண்ணக்குயில்’ பாட்டில் வருகிறது என்பது என் எண்ணம். இதற்குள் திவ்யாவின் மனம் மாறிவிட்டது. புரியாத ஆனந்தம், புதிய ஆரம்பம் என்று பாடுகிறவள், பூத்தாடும் மொட்டு நானா, நானா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். ‘பூவே, உன் வாழ்க்கைதான் என்ன’ என்று அவன் கேட்டதை வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். அவனுடைய வாதங்கள் எதற்கும் அவள் பதில் சொல்லவில்லை. மாலை மேளம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மேடை நாடகம் பற்றி இல்லை. வாதத்தால் அவள் மாறவில்லை என்பதால்தான் வாதத்துக்குப் பதிலும் இல்லை. தானாகப் பூத்தாள், பூத்தது அவளுக்கே ஆச்சரியமாக இருக்கிறது. முதல் சரணத்தில் எனக்கிருந்த மனக்குறை இந்தப் பாட்டில்தான் தீர்கிறது. ஊர்ப் பேச்சு தோற்று, தென்றல் தன் இஷ்டத்துக்கு வந்தது.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தில் மோகனுக்கு வசனம் பேசியவர் எஸ்.என்.சுரேந்தர். ஆக, திரையில் தெரிகிற முகம் ஒருவருடையது, பேச்சு இன்னொருவருடையது, பாட்டு மூன்றாமவருடையது. மூன்றும் ஒரே ஆளாக ஒட்டிக்கொண்டன. எஸ்.பி.பி. நினைத்திருந்தால் இந்தப் பாட்டை அழுகையாக்கியிருக்கலாம். அழ வைப்பது அவருக்குக் கைவந்த கலை. அப்படி அழுதிருந்தால் முதல் சரணம் தாங்கவே முடியாத சுயபச்சாதாபமாகியிருக்கும். அவர் குரலில் ஒரு மெல்லிய புன்னகையை வைத்துக்கொண்டே பாடுகிறார். ‘அன்பே’ என்ற இடத்தில் அது வெளிப்படையாகத் தெரியும், ‘தேவையென்ன’ என்ற இடத்தில் கொஞ்சம் மங்கும், ‘வா’ என்ற இடத்தில் திரும்பி வந்துவிடும். உங்களுக்கு இத்தனை நாள் காதல் பாட்டாக மட்டும் கேட்டதற்கு மீதிப் பாதிக் காரணம் இதுதான்.

மெட்டும் அவர் பக்கம்தான் இருந்தது. இது சோக மெட்டு அல்ல, கால் தாளம் போடுகிற மெட்டு. அதற்கு நல்ல சாட்சி பிற்பாடு கிடைத்தது. 2007-இல் பால்கி இயக்கிய ‘சீனி கம்’ இந்திப் படத்தின் தலைப்புப் பாட்டுக்கு இளையராஜா இதே மெட்டைத்தான் எடுத்துக்கொண்டார். ஷ்ரேயா கோஷல் பாடினார். லண்டனில் உணவகம் நடத்தும் அறுபத்து நான்கு வயதுக்காரருக்கும் அவரைவிட முப்பது வயது இளையவளுக்கும் நடக்கிற சீண்டல் காதல் அந்தப் படம். அமிதாப் பச்சனும் தபுவும் நடித்தார்கள். ஒளிப்பதிவு, ‘மௌன ராக’த்தைப் படம்பிடித்த அதே பி.சி.ஸ்ரீராம். அதில் இந்த மெட்டு துள்ளலும் கிண்டலுமாக ஒலிக்கிறது. தொட்டால் சுடுகிற நிலவும் இல்லை, ஒட்டாத நீர்த்துளியும் இல்லை. அதே சுரங்கள், மனக்குறை மட்டும் காணோம். மெட்டுக்குள் வருத்தத்தைக் கொண்டுவந்து வைத்தது வாலியின் சொல்தான் என்று எனக்கு உறுதிப்பட்டது அதைக் கேட்டபோதுதான்.

தெலுங்கில் இந்தப் படம் வந்தபோதும் இந்தப் பாட்டை எஸ்.பி.பி.யே பாடினார். ‘மல்லெபூல சல்லகாலி’ என்று தொடங்கும். மல்லிகைப்பூவின் குளிர்காற்று என்று பொருள். அந்தக் காற்று தீயை மூட்டுகிறது என்று வரி தொடர்கிறது. தமிழில் இரண்டு வரியில் தென்றலாகவும் சுடும் நிலவாகவும் இருந்ததை அங்கே ஒரே வரியில் அடக்கிவிட்டார்கள். குளிர வேண்டியது சுடுகிறது என்பதுதான் பாட்டின் கரு என்பதை மொழிமாற்றியவர் சரியாகப் பிடித்திருக்கிறார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு: முதல் சரணம் வரை கேட்டால் புகார், முழுசாகக் கேட்டால் அழைப்பு. வாய்ப்புக் கிடைத்தால் ‘நிலாவே வா’, ‘மன்றம் வந்த’, ‘சின்னச் சின்ன வண்ணக்குயில்’ மூன்றையும் இதே வரிசையில், நடுவில் வேறு பாட்டு எதுவும் போடாமல் ஒரு தடவை கேளுங்கள். இரண்டாம் சரணத்தில் ‘என்ன’ ‘அல்ல’வாக மாறுகிற இடத்தையும், அந்த ஒற்றை ‘நீ’யையும் தவறவிடாதீர்கள்.